எந்த ஊர் அபரஞ்சி?

சபைக்காரப் பிள்ளைகள் ஒலிபெருக்கி வாங்கிவிட்டார்கள். மோட்டார் காரின் தலையில் ஊமத்தம்பூ மாதிரி ஒரு குழாயைக் கட்டி, உள்ளே உட்கார்ந்தபடியே ஒருவர் "வருகிற சனிக்கிழமை" என்று சொன்னால் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பேட்டை முழுக்கக் கேட்கிறது. கேட்கிறதே தவிர, யாரும் வீட்டை விட்டு எழுந்து வருவதைக் காணோம். என்ன ஆட்டம், யார் பாட்டு, பபூன் யார் என்று எதிர்க்கேள்வி கேட்டால் பதில் சொல்ல அந்தக் குழாய்க்குக் காது இல்லை. இதைச் சொன்னால் கிழவனுக்குப் பொறாமை என்கிறார்கள். பொறாமைதான், இல்லை என்று யார் சொன்னது.

அதே பிள்ளைகள்தான் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி வந்து நின்றார்கள். "அந்தக் காலத்துல எப்படிண்ணே விளம்பரம் பண்ணீங்க?" என்று கேட்டார்கள். விளம்பரம் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. சோப்புக்கும் பல்பொடிக்கும் செய்வது விளம்பரம். நான் செய்தது, வரப்போகிற ஆட்டத்தை ஜனங்களிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவது.

நான் நாடகக் கொட்டகையில் நோட்டீஸ்காரனாக இருந்தவன். அதற்கு முன் ரயில்வேயில் தண்டவாளம் தூக்கும் கூட்டத்தில் இருந்தேன். தூக்குகிறவர்களுக்குத் தாளம் பிடித்துப் பாட்டுச் சொல்வது என் பொறுப்பு. அந்தத் தொண்டையைக் கேட்டுவிட்டுத்தான் கொட்டகை மேனேஜர் அருணாசலம் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். ஓடுகிற மாட்டுவண்டியில் நின்றுகொண்டு பேசப் பழகினேன், தமுக்கு அடிக்கப் பழகினேன், தொண்டைக்காகச் சுருட்டை விட்டேன். படிப்பு அவ்வளவுதான்.

வேலை சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருநாள் செய்து பார்க்க வேண்டும். வண்டியின் இரண்டு பக்கமும் படம் எழுதிய பலகையைக் கட்டுவோம். மாட்டின் கழுத்து மணியைக் கழற்றிவிடுவோம், தமுக்குச் சத்தத்தோடு அது சண்டை போடும். கள்ளுக்கடை முன்னால் வண்டியை நிறுத்தவே கூடாது. அங்கே எல்லோரும் வருகிறேன் என்பார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆட்கள் வேலை விட்டு வந்து குளித்து முடிக்கிற நேரம் பார்த்துப் போக வேண்டும். அழுக்கோடு இருப்பவருக்குப் பாட்டுக் கேட்கும் மனசு வராது. பாசார் சந்தையில் என்றால் பெண்கள் கூடை நிறைந்து திரும்புகிற வழியில் நிற்க வேண்டும், உள்ளே போகும் வழியில் அல்ல.

சொல்வதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் கிழமையும் நேரமும், அப்புறம் நாடகம், அப்புறம் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், ஆர்மோனியம், மிருதங்கம். பபூன் பெயர் கடைசி. ஏனென்றால் ஜனங்கள் அதற்காகத்தான் காத்து நிற்பார்கள். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் சிரித்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார்கள், என்றைக்கு ஆட்டம் என்பது காதில் விழாது.

மேனேஜர் அருணாசலம் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு புது ஆட்டத்துக்கும் முன்னால் கொட்டகை வாசலில் நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். "எதிர்த்த பக்கம் போய்ச் சொல்லுப்பா" என்பார். நான் தெருவைத் தாண்டிப் போய் நின்று, வண்டியில் சொல்லப்போவதை முழுக்கச் சொல்ல வேண்டும். நடுவில் ரிக்‌ஷா போகும், மாடு போகும், சீனன் கஞ்சி விற்றுக்கொண்டு போவான். அவர் அசைய மாட்டார். எங்காவது கண்ணைத் திறந்தார் என்றால் அந்த இடத்தில் தப்பு. என்ன தப்பு என்று சொல்லவும் மாட்டார். நானே கண்டுபிடித்து மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். பெரும்பாலும் நான் அளந்துவிட்ட இடமாகத்தான் இருக்கும். "காணக் கிடைக்காத காட்சி" என்று ஒருமுறை சொன்னேன், கண் திறந்துவிட்டது. காட்சி கிடைக்கத்தான் போகிறது, டிக்கெட் வாங்கினால்.

அவருடைய மனசு எனக்கு முழுதாகப் புரிந்தது, கப்பல் தங்கிப்போன ஒரு வாரத்தில். ராஜபார்ட் நடிகர் ஊரிலிருந்து கப்பலில் வருகிறார் என்று தெருத்தெருவாகச் சொல்லி முடித்திருந்தேன். கப்பலில் யாருக்கோ அம்மை கண்டிருந்ததால் ஆட்களை இறக்க விடவில்லை. வேறொருவரை வேஷம் கட்டவைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"எந்த வாயால வரார்னு சொன்னியோ, அதே வாயால வரலைன்னு சொல்லிட்டு வா. அதே தெரு, அதே இடம்."

போனேன். தமுக்கு அடித்து ஆளைக் கூட்டி, இல்லை என்று சொல்வதைப் போல அவமானம் வேறு கிடையாது. ஒரு அம்மா என் மேல் வாழைப்பழத் தோலை வீசினார். அந்த ஆட்டத்துக்குக் கூட்டம் பாதிகூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸில் நான் வருகிறார் என்று சொன்னால் நிச்சயம் வருகிறார் என்று ஜனங்கள் நம்பினார்கள். எனக்கு அது பெருமை.

இவ்வளவு கறாரான மனிதர் கண்டுகொள்ளாத ஒரு பொய் எங்கள் தொழிலில் இருந்தது. அதுதான் ஊர்ப் பெயர். நடிகருக்கு முன்னால் ஓர் ஊர் ஒட்டியிருக்க வேண்டும். மதுரை, கும்பகோணம், திருச்சி, இப்படி. ஊர் ஒட்டாத பெயரைச் சொன்னால் ஜனங்கள் முகம் சுளித்து, "யாருய்யா அது, இங்கத்த ஆளா?" என்பார்கள். கப்பல் ஏறி வந்தவருக்குத்தான் கலை வரும், இங்கே பிறந்தவருக்கு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டத்தான் வரும் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. அப்படிச் சொன்னவர்களில் பாதிப்பேர் இங்கேயே பிறந்தவர்கள். உனக்கு எந்த ஊர் என்று கேட்டால், கண்ணால் பார்க்காத ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்வார்கள். ஈப்போவில் பிறந்த மிருதங்கக்காரர் ஒருவர் எங்கள் நோட்டீஸில் வெகுகாலம் திருவையாற்றுக்காரராக இருந்தார். அது பொய் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. தலைப்பாகை, அரிதாரம் மாதிரி அதுவும் வேஷத்தில் ஒன்று.

இந்த லட்சணத்தில்தான் தஞ்சாவூர் அபரஞ்சி வந்து சேர்ந்தாள்.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருக்கும். பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர் என்று சுற்றிக்கொண்டிருந்த ஒரு கம்பெனி எங்கள் கொட்டகைக்கு வந்தது. கம்பெனி முதலாளியை எல்லோரும் வாத்தியார் என்பார்கள். அபரஞ்சி அவருடைய புது ஸ்திரீபார்ட். முதல் ஆட்டத்திலேயே பிரிக்பீல்ட்ஸ் அவள் பாட்டுக்கு மயங்கிவிட்டது. தஞ்சாவூர்த் தண்ணீர் அப்படி என்று பேசிக்கொண்டார்கள். அடுத்தது கிள்ளான் டவுனில் ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டம். தோட்டத்து ஜனங்கள் இருட்டுவதற்குள் வண்டி கட்டித் திரும்ப வேண்டும், மறுநாள் விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டுக்கு நிற்க வேண்டும் என்பதற்காக அங்கே பகலில் ஆடுவது வழக்கம்.

கிள்ளானுக்கு நோட்டீஸ் எடுத்துக்கொண்டு நான் புறப்படவிருந்த நாள் காலையில் அந்தப் பெண் கொட்டகைப் பின்பக்கம் வந்து நின்றாள். பவுடர் இல்லாத முகம். மேடையில் பார்த்தவளா என்று சந்தேகமாக இருந்தது.

"அண்ணே, மேரு பக்கம் போவீங்களா?"

"மேரு கிள்ளான் பக்கந்தானே, அந்தத் தோட்டத்துக்கெல்லாம் போவேனேம்மா. ஏன்?"

"ஆலமரத் தோட்டம்னு ஒண்ணு இருக்கு. அங்க சொல்லும்போது அபரஞ்சின்னு சொல்லாதீங்க. அஞ்சலைன்னு சொல்லுங்க."

அவள் அந்தத் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள் என்பதை அப்புறம்தான் சொன்னாள். தாய் இல்லை. அப்பா மாரிமுத்து பால்மரம் வெட்டுகிறவர். கோயில் திருவிழாவில் இவள் பாடியதைக் கம்பெனி ஆர்மோனியக்காரர் கேட்டுவிட்டு, பாட வருகிறாயா என்றிருக்கிறார். இவளும் புறப்பட்டுவிட்டாள். அன்றிலிருந்து அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். ஆறு வருஷம்.

"ஆள் விட்டுச் சொல்லக் கூடாதா?" என்றேன்.

"விட்டேண்ணே. எனக்கு மவளே கெடையாதுன்னு சொல்லி அனுப்பிட்டாரு. தமுக்கு அடிச்சு லயம் முழுக்கக் கேக்கறாப்ல சொன்னா, இல்லன்னு சொல்ல முடியாது பாருங்க. ஒரு பாட்டு அவரு கேட்டாப் போதும்."

என் இஷ்டத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. எல்லா இடத்திலும் ஒரே சொல் என்பது மேனேஜர் சட்டம். மேருவில் அஞ்சலை, கிள்ளானில் அபரஞ்சி என்றால் நாளைக்கு இரண்டு ஊரும் சந்தித்துப் பேசிக்கொள்ளும். அவளை அழைத்துக்கொண்டு அவரிடம் போனேன். வாத்தியாரும் அங்கே இருந்தார், விஷயத்தைக் கேட்டதும் கொதித்துப் போனார்.

"தோட்டத்துப் பொண்ணுன்னு தெரிஞ்சா கிள்ளான்ல ஒருத்தன் வரமாட்டான். தஞ்சாவூர்னு சொல்லித்தான் இவளுக்கு மரியாதை. கொட்டகை காலியாப் போச்சுன்னா சொல்லிட்டேன், அடுத்த கப்பல்ல வர்ற பொண்ணுக்கு இந்த வேஷத்தைக் கொடுத்துருவேன். இவ தோழி வேஷம் கட்டட்டும்."

மேனேஜர் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"தஞ்சாவூர் போயிருக்கியாம்மா?"

"இல்லைங்க."

"தோழி வேஷம்னா சம்மதமா?"

ஸ்திரீபார்ட் என்பது அவள் ஆறு வருஷம் பாடுபட்டு வந்த இடம். இருந்தும், "எங்கப்பா வந்தாருன்னா சம்மதங்க" என்றாள்.

மேனேஜர் நாற்காலியை வாசலுக்கு இழுத்தார். "எதிர்த்த பக்கம் போய்ச் சொல்லுப்பா. அந்தப் பொண்ணு எப்படிச் சொல்லச் சொல்லுதோ அப்படி."

தெருவைத் தாண்டிப் போய் நின்றேன். கிழமை, நேரம், நாடகம், ராஜபார்ட் எல்லாம் சொன்னேன். பிறகு, என் தொழிலில் அதுவரை ஒருவரும் சொல்லியிராததை முழுத் தொண்டையில் சொன்னேன்: "ஸ்திரீபார்ட், மேரு ஆலமரத் தோட்டம் அஞ்சலை." சொல்லும்போதே வாய் கூசியது. மதுரை, கும்பகோணம் என்று பழகிய நாக்கு. தெருவில் போன இரண்டு பேர் நின்று சிரித்தார்கள். நான் பபூன் பெயர் வரைக்கும் சொல்லி முடித்தேன்.

மேனேஜர் கண்ணைத் திறக்கவே இல்லை. அச்சாபீசுக்கு ஆள் அனுப்பி நோட்டீஸை மாற்றச் சொன்னார். வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டு போனார். இன்றைக்கு யோசித்துப் பார்த்தால், அவர் மேலும் தப்பு சொல்ல முடியவில்லை. கூட்டத்தை அவர் அறிந்திருந்தார்.

தோட்டத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. ஆபீசுக்குப் போய்க் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்ல வேண்டும், கிராணி துரையிடம் கேட்டு வருவார், அதுவரை மரத்தடியில் நிற்க வேண்டும். பலகையில் துரைமார் அந்தத் தோட்டத்துக்கு வைத்த பெயர் வேறு என்னவோ இருந்தது. ஆலமரத் தோட்டம் என்பது நம்முடைய ஜனங்கள் வைத்தது. துரை சரி என்றதும், பாலை எடைபோட்டுக் கொடுத்து முடித்து ஆட்கள் லயத்துக்குத் திரும்பும் நேரமாகப் பார்த்துத் தண்ணீர்க்குழாய் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன்.

தமுக்குச் சத்தத்துக்குப் பெண்களும் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். அவள் பெயரைச் சொன்ன இடத்தில் கூட்டம் அப்படியே அடங்கிப் போயிற்று. ஊர் ஊராகச் சுற்றி, தங்கள் தோட்டத்தின் பெயரை யாராவது தமுக்கடித்துச் சொல்வார்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஒரு கிழவி, "நம்ம மாரிமுத்து மவ அஞ்சலையாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். "இன்னொருக்கா சொல்லு" என்றாள். சொன்னேன். பபூன் பெயருக்கு யாரும் காத்திருக்காத ஒரே இடம் அதுதான்.

பின்னால் ஒருவர் வாளியோடு நின்றிருந்தார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்ததிலிருந்தே யார் என்று தெரிந்துவிட்டது. அவர் வாளியை எடுத்துக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தார். நான் வண்டியை விட்டு இறங்கிப் பின்னாலேயே போனேன். அது என் வேலை அல்ல, இருந்தும் போனேன்.

"பெரியவரே, ஞாயித்துக்கிழமை அவசியம் வரணும்."

"வரமுடியாதுய்யா."

"கோவத்தை எத்தனை நாளைக்கு வச்சுக்குவீங்க?"

"கோவமெல்லாம் போயி எவ்வளவோ நாளாச்சு." வாளியைக் கீழே வைத்தார். "அவ போனன்னைக்கு மாரியாத்தா முன்னால சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டேன், இனி அவ மூஞ்சியப் பாக்கமாட்டேன்னு. மனுசன்கிட்ட சொன்ன பேச்சுன்னா மாத்திக்கலாம். ஆத்தாகிட்ட என்ன சொல்றது?"

எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் செய்த சத்தியம் எங்கள் ஜனங்களுக்கு எவ்வளவு பெரிது என்று தெரிந்தவர்கள் என் நிலைமையைப் புரிந்துகொள்வார்கள். ஊரைக் கூட்டிப் பேசுகிறவனாக இருந்தாலும், அதை மீறச் சொல்ல எனக்கு வாய் ஏது? திரும்பி நடந்தேன். நாலு எட்டு வைத்ததும் அவரே கூப்பிட்டார்.

"கொரலு அப்படியேதான் இருக்கா?"

"வந்து கேட்டாத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்சம் கடுப்பாகத்தான் சொன்னேன்.

அஞ்சலையிடம் நடந்ததை அப்படியே சொன்னேன், சத்தியத்தையும் சேர்த்து. "அப்ப வரமாட்டாரு" என்றாள். அழவில்லை. தோழி வேஷத்துக்கான பாட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் கொட்டகையில் நான் கேட்டில் நின்றேன். அத்தாப்பு ஓலைக் கூரை, முன்னால் நாற்காலி, நடுவில் பெஞ்சு, பின்னால் தரை. டவுன்காரர்கள் வாத்தியார் சொன்னபடியே செய்தார்கள், நாற்காலியில் பாதி காலி. "தோட்டத்துப் பாட்டுக் கேக்க நான் தோட்டத்துக்கே போயிருவேனே" என்று ஒரு கடைக்காரர் என் காதுபடச் சொன்னார். வாத்தியார் என்னை முறைத்தார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் மேரு ரோட்டில் வண்டிகள் தெரிந்தன. ஆலமரத் தோட்டம் மட்டுமல்ல, பக்கத்துத் தோட்டங்களும் சேர்ந்து வந்திருந்தார்கள். பெண்கள் பூ வைத்துக்கொண்டு, ஆண்கள் வெளுத்த வேட்டியோடு, கல்யாணத்துக்கு வருவது போல வந்தார்கள். "எங்க தோட்டத்துப் பொண்ணு" என்று டிக்கெட் வாங்கும்போதே சொல்லிக்கொண்டார்கள். தரை நிறைந்து, பெஞ்சு நிறைந்து, காலி நாற்காலிகளையும் துணிந்து சிலர் பிடித்துக்கொண்டார்கள். வாத்தியார் முறைப்பதை நிறுத்திவிட்டார்.

மாரிமுத்து கடைசியாக வந்தார். என்னைப் பார்க்காதது போல டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். தரையில் கடைசி வரிசையில் துண்டை விரித்தார். பிறகு மேடைக்கு முதுகைக் காட்டி, கேட்டைப் பார்த்து உட்கார்ந்தார்.

"பெரியவரே, மேடை அந்தப் பக்கம்" என்றார் ஒரு டவுன்காரர்.

"தெரியும்" என்றார் அவர்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆலமரத் தோட்டத்து ஆட்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

திரை எழுந்தது. ராஜபார்ட் வந்தார், பபூன் வந்தார், கொட்டகை அதிர்ந்தது. அந்த மனிதர் பபூனுக்கும் திரும்பவில்லை. பிறகு அவள் பாடிக்கொண்டே உள்ளே வந்தாள். முதல் அடி முடிவதற்குள் குரல் ஒரு இடத்தில் நின்றது. ஆர்மோனியக்காரர் சமாளித்து அதே அடியைத் திரும்ப வாசித்தார். எல்லா முகமும் தன்னைப் பார்த்திருக்க, ஒரே ஒரு முதுகு மட்டும் தெரிந்தால் மேடையில் நிற்கிறவளுக்குப் புரியாதா? மறுபடி எடுத்தாள். அப்படி ஒரு பாட்டை நான் அதற்கு முன்னும் கேட்கவில்லை, பின்னும் கேட்கவில்லை. அந்தக் கடைக்காரரே வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

கொட்டகையில் அவ்வளவு பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஒருவன்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

மங்களம் பாடுவதற்கு முன்னாலேயே அவர் எழுந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் என்னிடம் வந்தார்.

"அடுத்த ஆட்டம் எப்ப?"

வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். "வர்ற ஞாயித்துக்கிழமை" என்று அவருக்கு மட்டும் கேட்கச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வண்டிப்பக்கம் போனார்.

ஜனங்கள் கலைந்ததும் அஞ்சலை பாதி அரிதாரத்தோடு கேட்டுக்கு ஓடி வந்தாள். வண்டிகள் போய்விட்டிருந்தன. மூச்சு வாங்க நின்றாள்.

"மூஞ்சி எப்படிண்ணே இருந்துச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தியம் செய்தவர் அவர். ஆனால் அந்தச் சத்தியம் அவள் கண்ணையும் சேர்த்தே கட்டிவிட்டிருந்தது. ஆறு வருஷமாக அவளும் அப்பா முகத்தைப் பார்த்ததில்லை.

சொன்னேன். பாடத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார் என்றேன். குரல் நின்ற இடத்தில் அவர் கை விரித்த துண்டின் ஓரத்தை இறுகப் பிடித்தது என்றேன். பிறகு கண்ணீர் தாடை வரை வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை, கடைசிப் பாட்டில் லேசாகச் சிரித்தார் என்றேன். அவள் விடவில்லை.

"முடி நரைச்சிருச்சா?"

"முழுக்க."

"எளைச்சிருக்காரா?"

"கொஞ்சம்."

"மீசை?"

"இருக்கும்மா. அதுவும் வெள்ளைதான்."

ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டாள். பிறகு முந்தானையால் முகத்து அரிதாரத்தைத் துடைத்தபடி சொன்னாள்: "அடுத்த ஞாயித்துக்கிழமையும் நீங்களே கேட்ல நில்லுங்கண்ணே. வேற ஆளை விட்றாதீங்க."

நின்றேன். அந்தக் கம்பெனி கிள்ளானில் இருந்தவரை, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நின்றேன்.